நாள்வாடகை வீடு: வாடகைப் பணம் உரிமையாளர் கணக்கிலேயே விழட்டும்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஓசூர், கிருஷ்ணகிரி, பென்னாகரம் பக்கங்களில் இளைஞர்கள் பலர் இப்போது ஒரு தொழிலில் இறங்குகிறார்கள். வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருப்பவர்களின் பூட்டிக் கிடக்கும் வீட்டைப் பொறுப்பெடுத்து, ஏர்பிஎன்பி போன்ற இணைய முன்பதிவுத் தளங்களில் ஏற்றி, நாள்வாடகைக்கு விட்டு, வருமானத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும் தொழில் அது. கடை முன்பணம் வேண்டாம், சரக்கு வேண்டாம், ஒரு போனும் பைக்கும் இருந்தால் போதும் என்று சொல்லித்தான் எல்லோரும் ஆரம்பிக்கிறார்கள். முதல் அதிகம் தேவையில்லை என்பது சரி. ஆனால் இன்னொருவரின் வீடு, இன்னொருவரின் பணம், முன்பின் தெரியாத விருந்தினர் ஆகிய மூன்றுக்கும் ஒரே ஆள் பதில் சொல்ல வேண்டிய தொழில் இது. அதைப் புரிந்துகொள்ளாமல் இறங்கி, ஆறே மாதத்தில் உரிமையாளரோடு மனக்கசப்பாகி வெளியே வருவதைத்தான் அதிகம் பார்க்கிறோம். புதிதாக வருபவர்களுக்குப் பயன்படும் என்று இதை எழுதுகிறோம்.

முதல் தவறு, "மாதம் இவ்வளவு நிச்சயம் தருகிறேன்" என்று உரிமையாளருக்கு வாக்குக் கொடுப்பது. கணக்கைப் போட்டுப் பார்த்தால் ஏன் கூடாது என்று தெரியும். ஓசூரில் இரண்டு படுக்கையறை வீடு ஒன்று, ஓர் இரவுக்கு 2,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாதத்தில் 14 இரவு போனால் 35,000. தளம் 15 விழுக்காடு பிடித்தால் மீதி 29,750. அதில் வீட்டைப் பொறுப்பெடுத்து நடத்தும் பராமரிப்பாளரின் பங்கு 20 விழுக்காடு, 5,950. ஏழு பார்ட்டி வந்து போனால் ஏழு முறை சுத்தம் செய்ய வேண்டும். ஒரு முறைக்கு 500 வீதம் 3,500. சலவை 250 வீதம் 1,750. மின்சாரம் 2,500, இணையம் 800, சோப்பு, காபித்தூள், குப்பைப் பை, தண்ணீர் கேன் எல்லாம் சேர்த்து 1,000. எல்லாம் போக உரிமையாளர் கைக்கு வருவது 14,250. அதே வீட்டைக் குடும்பத்துக்கு மாத வாடகைக்கு விட்டாலும் ஏறக்குறைய அதுதான் கிடைக்கும், தலைவலியும் குறைவு. 18 இரவு, ஒன்பது பார்ட்டி என்று போனால்தான் 18,000-ஐத் தாண்டும். ஆகவே மாதம் 14 இரவுக்குக் கீழே போகும் வீட்டை, "உங்களுக்கு மாத வாடகைதான் லாபம்" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுவது நல்லது. அப்படிச் சொல்பவருக்கு அதே உரிமையாளர் இன்னொரு வீட்டைக் கொண்டுவந்து கொடுப்பார்.

பராமரிப்பாளர் பக்கமும் பாருங்கள். ஒரு வீட்டுக்கு 5,950 என்றால் அதில் பெட்ரோலும் போன் செலவும் அடக்கம். ஐந்து வீடு இல்லாமல் ஒரு குடும்பத்தை நடத்த முடியாது. ஐந்து வீடு வந்த பிறகு தனியாளாகச் சமாளிக்க முடியாது, ஓர் ஆள் வைக்க வேண்டும். எனவே முதல் வருடம் இருக்கிற வேலையை விட்டுவிடாமல், இரண்டு வீட்டோடு தொடங்குவது உத்தமம்.

இரண்டாவது விஷயம்தான் இந்தக் கடிதம் எழுத முக்கியக் காரணம். தளத்திலிருந்து வரும் வாடகைப் பணம் உரிமையாளரின் வங்கிக் கணக்கில் நேராக விழ வேண்டும். பராமரிப்பாளர் தன் பங்குக்கும் செலவுக்கும் மாதம் 5-ஆம் தேதிக்குள் பில் கொடுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். இன்று பலர் தங்கள் பெயரிலேயே கணக்கைத் தொடங்கி, மொத்தப் பணத்தையும் தாங்கள் வாங்கி, மிச்சத்தை உரிமையாளருக்கு அனுப்புகிறார்கள். ஐந்து வீடு, மாதம் வீட்டுக்கு 40,000 வசூல் என்றால் வருடத்துக்கு 24 லட்சம் அவர் கணக்கில் ஓடுகிறது. அவருடைய உண்மையான வருமானம் ஐந்து லட்சத்துக்கும் குறைவு. ஆனால் சேவைத் தொழிலுக்கான ஜிஎஸ்டி பதிவு வரம்பு 20 லட்சம். கணக்கைப் பார்ப்பவர் 24 லட்சத்தையும் உங்கள் விற்றுமுதல் என்று கேட்டால், இல்லை என்று காட்ட ஒப்பந்தமும் பில்லும் கையில் இருக்க வேண்டும். பெரும்பாலானவர்களிடம் வாட்ஸ்அப் செய்திதான் இருக்கிறது. தளத்தில் உரிமையாளர் பெயரில் கணக்கும், அதன் கீழ் பராமரிப்பாளர் இணை ஹோஸ்டாகவும் (உடன் நடத்துபவராகவும்) இருக்க வழி உண்டு. அதைப் பயன்படுத்துங்கள். உரிமையாளர் பில்லுக்குப் பணம் தர இழுத்தடிப்பாரோ என்ற பயம் இருந்தால், ஆரம்பத்திலேயே 10,000 ரூபாய் செலவு முன்பணமாக வாங்கி வைத்துக்கொள்ளலாம். வெளிநாடு வாழ் இந்தியராக இருந்தால் வாடகை விழ வேண்டியது இந்தியாவில் வரும் வருமானத்துக்கான அவருடைய என்ஆர்ஓ வங்கிக் கணக்கில்.

தங்கும் அறைக்கு நாளொன்றுக்கு 7,500 ரூபாய் வரை 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 5 விழுக்காடு. உரிமையாளர் பதிவு பெறாதவராக இருந்தால், தளம் வழியாக வரும் முன்பதிவுக்கு அந்த வரியைத் தளமே கட்டும். இதைச் சொல்லி வைத்தால் உரிமையாளர் வீணாகப் பயப்பட மாட்டார்.

ஒப்பந்தம் முத்திரைத்தாளில் இருக்கட்டும். பங்கு எத்தனை விழுக்காடு, அது தளம் பிடிக்கும் கமிஷனுக்கு முன்பா பின்பா, எவ்வளவு ரூபாய் வரை பழுது வேலையைக் கேட்காமல் செய்யலாம் (2,000 என்று வைத்தால் இரு தரப்புக்கும் நிம்மதி), உரிமையாளர் குடும்பம் வந்து தங்கும் நாட்கள் எவை, விலக எத்தனை நாள் முன்னறிவிப்பு, ஏற்கெனவே பதிவான விருந்தினரை அப்போது யார் பார்ப்பது. இவ்வளவும் இரண்டு பக்கத்தில் அடங்கும். அத்துடன் வீட்டுப் பொருள் பட்டியல் ஒன்று, டம்ளர் எண்ணிக்கை வரை. ஒருவரிடம் மாத வாடகைக்கு எடுத்து நாள்வாடகைக்கு உள்வாடகை விடுகிறவர்களும் உண்டு. வீட்டுக்காரரின் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் அதைச் செய்வது நேராக வம்பை விலைக்கு வாங்குவது. அடுக்குமாடி என்றால் சங்கத்தின் ஒப்புதலும் தேவை. பக்கத்து வீட்டுக்காரர் புகார்தான் இந்தத் தொழிலை மூடும் முதல் காரணம்.

மின் இணைப்பைப் பற்றி யாரும் பேசுவதில்லை. வீட்டுக் கட்டணத்தில், 100 யூனிட் இலவசத்தோடு ஓடும் மீட்டரில் நாள்வாடகை விடுதி நடத்தினால் அது அனுமதியில்லாத பயன்பாடாகக் கொள்ளப்படலாம். மின்சாரச் சட்டம் 2003-இன் 126-ஆம் பிரிவின்படி அதற்கான கணக்கு இரு மடங்கு கட்டணத்தில் போடப்படும். எப்போதிலிருந்து என்று தெரியாவிட்டால் பின்னோக்கி 12 மாதத்துக்கு. அந்த நோட்டீஸ் உரிமையாளர் பெயருக்குத்தான் வரும், கோபம் உங்கள் மேல்தான் வரும். மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, வணிகக் கட்டணத்துக்கு மாற்றிய பிறகு தொடங்குவதே சரி. சமையலறையில் 14.2 கிலோ வீட்டு சிலிண்டர் வைக்கவும் கூடாது, அது வீட்டு உபயோகத்துக்கு மட்டும் உரியது. ஓர் இண்டக்ஷன் அடுப்பு வைத்தால் சட்டச் சிக்கலும் இல்லை, எரிவாயுவைத் திறந்துவிட்டுப் போகும் ஆபத்தும் இல்லை.

இன்னொன்று, எல்லா வீட்டுக்கும் ஹோம்ஸ்டே என்று பெயர்ப்பலகை மாட்டுகிறார்கள். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் ஹோம்ஸ்டே திட்டம் ஒன்று முதல் ஆறு அறை வரை உள்ள, உரிமையாளர் குடும்பமே வசிக்கும் வீட்டுக்கானது. ஆளில்லாத வீட்டுக்கு அந்தப் பெயர் பொருந்தாது. விருந்தினரும் அம்மா சமைத்த சாப்பாட்டை எதிர்பார்த்து வந்து ஏமாறுவார்.

எந்த ஊரில் வீடு எடுப்பது என்பதில் நிதானம் வேண்டும். ஓசூரில் திங்கள் முதல் வெள்ளி வரை ஆள் வருவார்கள்: சிப்காட் தொழிற்சாலைகளுக்கு வரும் பொறியாளர்கள், இயந்திரம் பொருத்த வருபவர்கள், தணிக்கைக்கு வருபவர்கள். அவர்களுக்கு மேசை, நாற்காலி, நிலையான இணையம், காலை ஏழு மணிக்கு வெந்நீர் வேண்டும். ஒகேனக்கல்லில் சனி, ஞாயிறு, ஆடிப்பெருக்கு, காணும் பொங்கல், கோடை விடுமுறை. அங்கே வருவது குடும்பங்கள். நான்கு பேர் என்று பதிவு செய்து ஏழு பேர் இறங்குவார்கள். அதற்கு முகம் சுளிக்காமல், கூடுதல் ஆளுக்குப் பாய், மெத்தையோடு 400 ரூபாய், உச்சவரம்பு இத்தனை பேர் என்று முன்கூட்டியே பதிவில் எழுதிவிட வேண்டும். தளி, தேன்கனிக்கோட்டை பண்ணை வீடுகளுக்குப் பெங்களூரிலிருந்து வார இறுதிக்கு வருகிறார்கள். ஓசூரில் ஒன்று, ஒகேனக்கல்லில் ஒன்று என்று எடுக்காதீர்கள். ஒரு குழாய் ஒழுகினால் பாதி நாள் போய்விடும். 15 கிலோமீட்டர் வட்டத்துக்குள் எல்லா வீடும் இருக்கட்டும்.

ஒகேனக்கல்லுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. கபினி, கிருஷ்ணராஜசாகர் அணைகள் திறக்கப்பட்டால், காவிரி நீரை அளக்கும் எல்லை இடமான பிலிகுண்டுலுவில் நீர்வரத்து ஏறும், பரிசல் ஓட்டவும் அருவியில் குளிக்கவும் மாவட்ட நிர்வாகம் தடை போடும். ஜூலை, ஆகஸ்டில் இது அடிக்கடி நடக்கும். தடை அறிவித்த அடுத்த அரை மணி நேரத்தில் முன்பதிவை ரத்து செய்யச் சொல்லிப் போன் வரும். அப்போது யோசிக்கக்கூடாது. பரிசல் தடை வந்தால் முழுப் பணம் திருப்பித் தருவதா, வேறு தேதிக்கு மாற்றுவதா என்பதை உரிமையாளரோடு பேசி முன்பே எழுதிவைத்திருக்க வேண்டும். எங்கள் கருத்தில், தேதி மாற்றம் இலவசம், அதற்கு ஒப்பாதவருக்கு முழுப் பணம். ஆற்றை நம்பி வருபவரிடம் ஆற்றில் இறங்க முடியாதபோது பணம் பிடிப்பது நியாயமில்லை. அந்த மாதங்களில் தினமும் காலையில் பிலிகுண்டுலு நீர்வரத்தைப் பார்த்து, மறுநாள் வரவேண்டியவருக்கு நீங்களே முந்திக்கொண்டு தகவல் சொல்லிவிடுங்கள்.

இனி வீட்டுக்குள் வருவோம். இந்தத் தொழிலின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

காலை 11 மணிக்குக் காலி செய்ய வேண்டும், பிற்பகல் 2 மணிக்கு அடுத்தவர் வருகிறார் என்றால் இடையில் மூன்று மணி நேரம். இரண்டு படுக்கையறை வீட்டுக்கு இரண்டு பேர் வேண்டும். பெட்ஷீட் ஒவ்வொரு கட்டிலுக்கும் மூன்று செட்: ஒன்று கட்டிலில், ஒன்று சலவையில், ஒன்று அலமாரியில். இரண்டு கட்டிலுக்கு ஆறு பெட்ஷீட், பன்னிரண்டு தலையணை உறை, பன்னிரண்டு துண்டு. இரண்டு செட்டோடு சமாளிப்பவர், மழைக்காலத்தில் ஈரம் காயாத துணியை விரித்துக் கெட்ட பெயர் வாங்குவார். மெத்தைக்குத் தண்ணீர் இறங்காத உறை கட்டாயம், குழந்தையோடு வருபவர்கள் அதிகம்.

ஒகேனக்கல்லில் எண்ணெய்க் குளியல் போட்டுவிட்டு நேராக வந்து படுப்பார்கள். வெள்ளை பெட்ஷீட்டில் முதுகு வடிவத்தில் மஞ்சள் கறை பதியும். அதை அப்படியே வாஷிங் மெஷினில் போட்டு, காய்ந்ததும் இஸ்திரி போட்டால் கறை சூட்டில் இறுகிக்கொள்ளும், பிறகு எதற்கும் போகாது. துணியை நனைப்பதற்கு முன்பே, பாத்திரம் தேய்க்கும் திரவ சோப்பைக் கறை மேல் நேராகத் தடவி, கால் மணி நேரம் விட்டு, வெந்நீரில் அலச வேண்டும். கறை போனதா என்று வெயிலில் பார்த்துவிட்டுத்தான் இஸ்திரி. அங்கே காப்பிக் கலர் துண்டு ஆளுக்கொன்று "எண்ணெய்க்கு" என்று தனியாகக் குளியலறையில் தொங்கவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

பூட்டிய வீட்டைத் திறந்ததும் வரும் சாக்கடை நாற்றத்துக்குக் காரணம் தெரியாமல் வாசனைத் திரவம் அடிக்கிறார்கள். குளியலறைத் தரையில் தண்ணீர் போகும் ஓட்டைக்குக் கீழே, பிளம்பர்கள் நானி ட்ராப் என்று சொல்லும் கிண்ணம் இருக்கும். அதில் தேங்கும் தண்ணீர்தான் கீழிருந்து வரும் வாயுவையும் கரப்பான்பூச்சியையும் தடுக்கிறது. வீடு சில வாரம் பூட்டிக் கிடந்தால் அந்தத் தண்ணீர் வற்றிவிடும். பூட்டும்போதும், வாரம் ஒருமுறை பார்க்கப் போகும்போதும் எல்லா ஓட்டையிலும் ஒரு மக் தண்ணீர் ஊற்றுங்கள், கழிப்பறையில் ஒருமுறை ஃப்ளஷ் செய்யுங்கள். வாசனைத் திரவமே தேவைப்படாது.

கிருஷ்ணகிரி, தருமபுரி ஆகிய நம் இரண்டு மாவட்டத்திலும் ஆழ்குழாய்த் தண்ணீர் பல இடங்களில் கடினநீர். கீசரின் ஹீட்டிங் காயிலில் சுண்ணாம்பு படிந்து, வெந்நீர் வர நேரமாகி, கடைசியில் காயில் எரிந்துபோகும். அது விருந்தினர் இருக்கும் காலை ஆறு மணிக்குத்தான் நடக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கழற்றிச் சுத்தம் செய்து, உள்ளே இருக்கும் மக்னீசியம் கம்பி கரைந்திருந்தால் மாற்றிவிடுங்கள். குழாயிலும் ஷவரிலும் படியும் வெள்ளைக் கறைக்கு ஆசிட் ஊற்றினால் குரோமியப் பூச்சு உரிந்துவிடும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) கலந்து துணியில் நனைத்து அரை மணி நேரம் சுற்றி வைத்தால் போதும். மார்பிளில் மட்டும் படக்கூடாது. சுத்தம் செய்யும் அம்மாக்களிடம் ஒன்றை அழுத்திச் சொல்லுங்கள்: ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றாகக் கலக்கக் கூடாது. கிளம்பும் குளோரின் வாயு மூடிய குளியலறையில் உயிருக்கே ஆபத்து. அவர்களுக்கான கூலியை அன்றன்றே கொடுத்துவிடுங்கள். அவர்கள் வராத நாளில் உங்கள் தொழில் நின்றுவிடும்.

குடிநீரில் அலட்சியம் கூடாது. தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. ஆழ்குழாய்த் தண்ணீரைக் காய்ச்சி வைத்தால் ஃபுளோரைடு போகாது, தண்ணீர் வற்ற வற்ற அதன் அளவு கூடும். காவிரிக் குழாய்த் தண்ணீர், ஆர்ஓ, அல்லது முத்திரை உடையாத ஐஎஸ்ஐ கேன் ஆகிய மூன்றில் ஒன்று இருக்க வேண்டும். மற்றக் குழாய்களில் "குடிக்க அல்ல" என்று தமிழிலும் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் ஒட்டிவிடுங்கள்.

மின்தடைக்கு 150 ஆம்பியர்-மணி (ஏஎச்) பேட்டரி ஒன்று வைத்தால் நான்கு மின்விசிறி, ஐந்து எல்இடி விளக்கு, இணைய ரூட்டர் ஆகியவை சுமார் மூன்று மணி நேரம் ஓடும். இன்வர்ட்டர் லைனில் கீசரோ இண்டக்ஷனோ சேராதபடி எலக்ட்ரீஷியனிடம் பிரித்துக்கொள்ளுங்கள். அஞ்செட்டி, ஒகேனக்கல் மலைப்பாதையில் போன் சிக்னல் சரியாகக் கிடைக்காது. ஓடிபி கேட்கும் பூட்டை அங்கே மாட்டினால் விருந்தினர் இரவில் வாசலில் நிற்பார். எண் சுழற்றும் சாவிப்பெட்டி போதும், ஒவ்வொரு பார்ட்டி போனதும் எண்ணை மாற்றிவிடுங்கள். காலியானதும் ஒரே வரிசையில் இருபது புகைப்படம் எடுத்து வைப்பது இன்னொரு பழக்கம். டிவி உடைந்திருந்தால் யார் காலத்தில் என்பதற்கு அதுதான் சாட்சி.

விருந்தினர் பதிவேட்டில் முன்பதிவு செய்தவர் பெயர் மட்டும் போதாது. தங்கும் எல்லோர் பெயரும், முகவரியும், வண்டி எண்ணும், வந்த நேரமும் போன நேரமும் வேண்டும். ஆதார் வாங்கினால் கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரே போதும். நகலை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். ஓசூர்த் தொழிற்சாலைகளுக்கு வெளிநாட்டுப் பொறியாளர்கள் வருகிறார்கள். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் குடியேற்றத் துறையின் இணையதளத்தில் தகவல் ஏற்றியாக வேண்டும். கேமரா வாசலிலும் வண்டி நிறுத்தும் இடத்திலும் மட்டும்தான், அதையும் பதிவில் சொல்லிவிட வேண்டும்.

ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி பண்ணை வீடுகளில் ராகி அறுவடைக் காலத்தில் யானைகள் வரும். இருட்டிய பிறகு வெளியே நடக்க வேண்டாம், பலாப்பழமும் உணவுக் கழிவும் வெளியே கிடக்கக் கூடாது, வனத்துறை சொல்லும்போது வாசல் விளக்கை அணைக்க வேண்டும் என்பதை வாயால் சொல்ல வேண்டும். சுவரில் ஒட்டியதைப் பெங்களூரிலிருந்து இரவு பத்து மணிக்கு வந்து இறங்குபவர் படிப்பதில்லை. ஒகேனக்கல்லில் அனுமதித்த இடம் தவிர ஆற்றில் இறங்கக் கூடாது, பரிசலில் லைஃப் ஜாக்கெட் இல்லாமல் ஏறக் கூடாது என்பதும் அப்படித்தான். வீட்டுக் காப்பீடு எடுத்திருந்தால், நாள்வாடகைக்கு விடுவதைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதித் தெரிவிக்கச் சொல்லுங்கள். தெரிவிக்காவிட்டால் விபத்து நாளில் அந்தப் பாலிசி கைகொடுக்காமல் போகலாம்.

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்ட நிர்வாகங்களுக்கு உங்கள் இதழ் வழியாக ஒரு கோரிக்கை. இந்தத் தொழிலுக்கு வருபவர் உள்ளாட்சியில் சொத்து வரி, மின்வாரியத்தில் கட்டண மாற்றம், காவல் நிலையத்தில் தகவல், சுற்றுலா அலுவலகத்தில் பதிவு, மாவட்டத் தொழில் மையத்தில் கடன் என்று ஐந்து இடத்துக்கு அலைய வேண்டியிருக்கிறது. எதை முதலில் செய்வது என்று சொல்ல ஆளில்லாததால் பலர் எதையுமே செய்யாமல் நடத்துகிறார்கள். சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு இலவசம் என்பதுகூடத் தெரியாமல் இடைத்தரகருக்குப் பணம் கொடுக்கிறார்கள். எந்த அலுவலகத்தில் எந்தப் படிவம், எவ்வளவு கட்டணம் என்று தமிழில் ஒரே ஒரு பக்கத் தாள் அச்சிட்டு, ஓசூர் மாநகராட்சியிலும் பென்னாகரம் வட்டாட்சியர் அலுவலகத்திலும் ஒட்டலாம். மாதத்தில் ஒரு நாள் இந்த ஐந்து துறையினரும் ஒரே இடத்தில் அமர்ந்து விண்ணப்பம் வாங்கலாம். ஆடிப்பெருக்குக் கூட்டம் வருவதற்கு முன்பே இதைத் தொடங்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
நாள்வாடகை வீடுகளைப் பராமரிக்கும் தொழிலில் உள்ள வாசகர்கள்,
ஓசூர், பென்னாகரம்.